ஒரு அட்டையில் இரண்டு பேர்

மெடிக்கல் கடையில் பாதி வியாபாரம் டாக்டர் சீட்டைப் பார்த்து நடப்பதில்லை, காலி அட்டையைப் பார்த்துத்தான் நடக்கிறது. பி.பி.க்காரர்கள் அட்டையை முழுசாகக் கொண்டுவருவார்கள். சர்க்கரைக்காரர்கள் மஞ்சப்பையோடு கவுண்டரில் கொட்டுவார்கள். ஒரு வகை மாத்திரை மட்டும் பெரும்பாலும் துண்டாகத்தான் வரும். கைக்குட்டையில் மடித்து, மணிபர்ஸின் உள்ஜிப்பில் வைத்து, சில சமயம் செல்போன் கவருக்குப் பின்னால் செருகி. கத்தரியால் நறுக்கிய நாலைந்து குமிழ் இருக்கும். பெயர் அச்சான பக்கம் இருக்காது. பின்புறம் ஒரு அம்புக்குறியும் பாதி எழுத்தும் மட்டும் தெரியும்.

"அக்கா, இதே மாதிரி இருந்தா குடுங்க."

அந்த அம்புக்குறி போதும். கருத்தடை மாத்திரை. அந்த அட்டை அவளுடையது இல்லை என்பதும் தெரிந்துவிடும். தன் அட்டையை எவளும் நறுக்கமாட்டாள், இன்னொருத்திக்குக் கொடுக்கத்தான் நறுக்குவாள். "இது யார் சாப்பிடறது?" என்று கேட்டால் பதில் இரண்டு மூன்றுக்குள் அடங்கும். ஓர்ப்படி கொடுத்தாள். ஹாஸ்டலில் கூட இருக்கிற பொண்ணு கொடுத்தாள். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டு அக்கா கொடுத்தாள்.

என் கடை மணவூரில். திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் நடுவில் இருக்கிற ஸ்டேஷன். அடுத்த ஸ்டேஷன் திருவாலங்காடு, கொஞ்சம் தள்ளினால் திருத்தணி, அதற்கப்பால் நகரி, ஆந்திரா. என் கடைக்கு வருகிறவர்களில் வயல் வேலைக்காரர்கள் உண்டு, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டைப் பக்கத்துத் தறி வீடுகளிலிருந்து இங்கே வாழ வந்த பெண்கள் உண்டு, விடியற்காலை ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் கம்பெனி பஸ் ஏறுகிற பிள்ளைகள் உண்டு. தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிக்கிறவர்களும் உண்டு. கவுண்டரில் ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கிறாள் என்பதற்காகவே தன் ஊர்க் கடையை விட்டு இரண்டு ஸ்டேஷன் தாண்டி இறங்கி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி வரமுடியாதவர்கள் கடன் வாங்குகிறார்கள். மாத்திரை கைமாறுவதற்கு முதல் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். தன் மாமனாரோடு டீ குடிக்கிறவன் கடையில் போய் ஒரு மருமகள் மாலா-டி கேட்பாளா?

இரண்டாவது காரணம், தமிழ்நாட்டில் இந்த மாத்திரை வீட்டுக்குப் பழக்கமான பொருளே இல்லை. இங்கே குடும்பக் கட்டுப்பாடு என்றால் ஆபரேஷன். இரண்டாவது பிரசவத்தோடு முடித்து அனுப்பிவிடுவார்கள். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். இந்தியா முழுக்க எடுத்தால் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் 5 சதவீதத்தை ஒட்டித்தான். நம் பக்கம் அதைவிடவும் மிகக் குறைவு. அதனால் தாயிடமிருந்து மகளுக்கு, மாமியாரிடமிருந்து மருமகளுக்கு என்று இதைப் பற்றிய விவரம் எதுவும் இறங்கி வருவதில்லை. அட்டை மட்டும் வருகிறது. இந்த மாத்திரைக்கும் திருத்தணிக்கும் ஒரு வேடிக்கையான ஒற்றுமை உண்டு. ஆந்திராவோடு நடந்த எல்லைப் போராட்டமெல்லாம் முடிந்து திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1. அடுத்த மாதம் அமெரிக்காவில் உலகின் முதல் கருத்தடை மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. அதில் இருந்த ஈஸ்ட்ரோஜன் 150 மைக்ரோகிராம். இன்று மாலா-என் அட்டையில் இருப்பது வேறொரு வகை ஈஸ்ட்ரோஜன், அதுவும் 30 மைக்ரோகிராம்தான். அளவு இவ்வளவு இறங்கியதற்குப் பின்னால், அந்த முதல் மாத்திரைகளால் ரத்தம் உறைந்து இறந்த பெண்கள் இருக்கிறார்கள்.

அட்டையைப் பிரித்துச் சொன்னால்தான் விஷயம் புரியும். மாலா-என்னில் 28 மாத்திரை. வெள்ளை 21. ஒவ்வொன்றிலும் லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், எத்தினைல் ஈஸ்ட்ரடயால் 0.03 மில்லிகிராம். மீதி ஏழும் பழுப்பு. அதில் ஹார்மோனே கிடையாது, வெறும் இரும்புச்சத்து. கைப்பழக்கம் விட்டுப்போகக் கூடாது, ரத்தமும் ஊறட்டும் என்று வைத்தது. சினைப்பையை அமர்த்தி வைக்கத் தொடர்ச்சியாக ஏழு வெள்ளை மாத்திரையாவது உள்ளே போயிருக்க வேண்டும். அப்படி அமர்ந்த சினைப்பை, ஹார்மோன் இல்லாத ஏழு நாளைத் தாங்கும். எட்டு, ஒன்பது, பத்து என்று போனால் விழித்துக்கொள்ளும்.

தோழிக்குக் கொடுக்கிறவள் எந்த வரிசையை நறுக்குவாள்? தனக்கு இப்போதைக்குத் தேவைப்படாத வரிசையைத்தான். முதல் வரிசை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், மூன்றாவது வரிசைக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் ஊருக்கு அட்டை கொண்டுவருகிற நர்சம்மா வந்துவிடுவார், வேறு அட்டை வாங்கிக்கொள்ளலாம். நர்சம்மா அந்த வாரம் தடுப்பூசி முகாமுக்குப் போய்விடுவார். இரண்டாவது வரிசை முடிந்ததும் இவள் அட்டையில் மிஞ்சியிருக்கிற பழுப்பு மாத்திரைக்குப் போய்விடுவாள். ஏழு வெள்ளை இல்லை, ஏழு பழுப்பில் மருந்து இல்லை. ஆக மொத்தம் பதினாலு நாள் உடம்பில் ஹார்மோன் இல்லாமல் ஓடியிருக்கும். அவள் மனசில் மட்டும் 'தினமும் தவறாம போடறேன்'.

வாங்கிக்கொண்டவள் கதை இன்னும் மோசம். அவள் மாசத்தின் நடுவில் ஆரம்பிப்பாள், ஏழு மாத்திரை போடுவாள், தீர்ந்துவிடும். நிறுத்தின மூணாம் நாள் கொஞ்சம் ரத்தம் படும். அதைப் பார்த்து 'மாசம் வந்துடுச்சி, மாத்திரை வேலை செய்யுது' என்று தெம்பாகிவிடுவாள். ஒரு வரிசையை இருவரும் பங்கு போட்டதில் இருவருக்குமே பாதுகாப்பு இல்லை.

பழுப்பு மாத்திரையை மட்டும் வாங்கிச் சாப்பிட்டு வந்த ஒரு பெண் எனக்கு மறக்காது. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகாதவள், படிப்பை முடிக்க வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் சிநேகிதிக்கு இரும்பு மாத்திரை சேராது, வயிறு கட்டும், கறுப்பாகப் போகும். அதனால் மாசாமாசம் பழுப்பு ஏழையும் சாப்பிடாமல் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாள். வீணாகப் போகிறதே என்று மொத்தமாக இவளுக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்தவளிடமும் கெட்ட எண்ணம் இல்லை, வாங்கினவளிடமும் அசட்டை இல்லை. ஒருநாள் விடாமல் சாப்பிட்டிருக்கிறாள். கர்ப்ப சோதனை கார்டு கேட்டு வந்தபோது மாத்திரையைக் கையில் வைத்துக் காட்டினாள், "இதைத்தாங்கா தினமும் போட்டேன்" என்று. அதற்கு என்ன பதில் சொல்வது? அவளுக்கு ரத்தசோகை மட்டும் வராது.

மணவூரில் கடை வைத்திருக்கிறவளுக்கு ஆடி மாசம் ஒரு தனிக் கணக்கு. ஆடிக்கிருத்திகைக்குத் திருத்தணியில் மலையே மஞ்சளாகிவிடும். புஷ்பக் காவடி, மயில் காவடி, மொட்டை, சரவணப் பொய்கையில் தெப்பம். ரயிலில் கால் வைக்க இடம் இருக்காது. டிசம்பர் 31 படித் திருவிழாவுக்கு 365 படிக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துச் சூடம் ஏற்றுவார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் முந்தின வாரம் என் கடையில் அதிகம் கேட்கிற பொருள் 'நாள் தள்ளிப்போடுற மாத்திரை'. வேண்டுதல் மூன்று வருஷம் முந்தியது, வேன் பேசியாயிற்று, மாமியாரும் நாத்தனாரும் சேர்ந்து போகிறார்கள், கணக்குப் பார்த்தால் சரியாக அன்றைக்கு நாள் வருகிறது. மேல்மருவத்தூர் கோயிலில் மாதவிடாய் நாளிலும் பெண்கள் உள்ளே போகலாம். சிவப்புச் சேலையோடு போகிற அந்த ரயில் கூட்டத்திலிருந்து இந்த மாத்திரைக்கு என்னிடம் யாரும் வந்து நின்றதில்லை. திருத்தணிக்குப் போகிறவர்கள் மருந்து கேட்கிறார்கள். கோயில் வழக்கத்தைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கிறது, கவுண்டரில் அதைப் பேசுவதில்லை.

அந்த மாத்திரை நோரெத்திஸ்டெரோன், 5 மில்லிகிராம். டாக்டர்கள் எழுதுகிற முறை, நாள் வருவதற்கு மூன்று நாள் முன்னால் ஆரம்பித்து தினம் மூன்று வேளை. நிறுத்தின இரண்டு மூன்று நாளில் மாசம் வந்துவிடும். திடகாத்திரமான பெண்ணுக்கு டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து, அட்டையில் சிவப்புக் கோடு இருக்கும். ஆனால் வேனில் பன்னிரண்டு பெண்கள் போகும்போது சீட்டு ஒருத்தி பேரில்தான் இருக்கிறது. அவள் இரண்டு அட்டை வாங்கி, அக்காவுக்கு நாலு, சித்திக்கு மூணு, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ரெண்டு என்று பிரசாதம் மாதிரிப் பங்கு போடுகிறாள்.

ரெண்டு மாத்திரை வாங்கினவளுக்கு எதுவும் நிற்காது. மலையேறும்போதே வந்துவிடும், அழுதுகொண்டு அடிவாரத்தில் உட்கார்ந்திருப்பாள். நாள் ஏற்கெனவே ஆரம்பித்த பிறகு போட்டவளுக்கும் அப்படித்தான். சிலருக்கு இது கருத்தடை மாத்திரை என்று நினைப்பு, அதுவும் இல்லை. தன் வயிற்றில் கரு நின்றதே தெரியாமல் 'நாள் தள்ள' மாத்திரை போட்டவர்களும் உண்டு. இதெல்லாம் சின்னக் கஷ்டங்கள். பெரிய கஷ்டம் வேறு.

நோரெத்திஸ்டெரோன் வெறும் புரொஜெஸ்ட்ரோன் வகைதானே, ஈஸ்ட்ரோஜன் இல்லையே என்று நாங்கள் படித்த காலத்தில் சொன்னார்கள். உள்ளே போனபின் அதில் ஒரு சிறு பங்கு எத்தினைல் ஈஸ்ட்ரடயாலாக மாறுகிறது. தினம் 10 முதல் 20 மில்லிகிராம் போட்டால், 20 முதல் 30 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை ஒன்று சாப்பிட்ட கணக்கு. ஈஸ்ட்ரோஜன் போனால் ஈரல், ரத்தத்தை உறையவைக்கிற புரதங்களைக் கூட்டிச் சுரக்கும், உறையாமல் தடுக்கிற புரதத்தைக் குறைக்கும். ஆடி வெயிலில், விரதம் என்று தண்ணீர்கூடக் குடிக்காமல், வேனில் காலைத் தொங்கப்போட்டு நாலு மணி நேரம் உட்கார்ந்து வருகிறவளின் கெண்டைக்கால் சிரையில் ரத்தம் ஏற்கெனவே தேங்கியிருக்கும். ரமலான் நோன்பை மாசம் முழுக்க விடாமல் பிடிப்பதற்காக மாத்திரை போட்ட பெண்களுக்கு மூளைச் சிரையில் ரத்தம் உறைந்ததை ஈரானில் நரம்பியல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். நோன்பு, நீர்ச்சத்துக் குறைவு, மாத்திரை மூன்றும் அங்கேயும் சேர்ந்தே இருந்தன.

2025 ஆகஸ்டில் ரத்தநாள அறுவை மருத்துவர் ஒருவர் ஒரு பேட்டியில் சொன்ன சம்பவம் நாடு முழுக்கப் பரவியது. வீட்டுப் பூஜைக்காக மூன்று நாள் மாத்திரை போட்ட 18 வயதுப் பெண், காலும் தொடையும் வலித்து வீங்கி அவரிடம் வந்திருக்கிறாள். ஸ்கேனில் தொப்புள் மட்டம் வரை சிரையில் உறைகட்டி. உடனே சேர்க்கச் சொன்னார், வீட்டில் காலையில் வருகிறோம் என்றார்கள். அன்றிரவே இறந்துவிட்டாள். அந்த வீடியோ தமிழில் குரல் போட்டு வாட்ஸப்பில் சுற்றிய நாட்களில் என் கடைக்கு வந்த தாய்மார்கள் எல்லா ஹார்மோன் மாத்திரையையும் விஷம் என்று பேச ஆரம்பித்தார்கள். ரத்தப்போக்கு நிற்காமல் டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்தவள்கூட இருந்தாள்.

எனக்கு அந்தப் பயமும் பிடிக்கவில்லை. எண்ணைப் பார்த்தால் தெளிவாக இருக்கிறது. மாத்திரை சாப்பிடாத, கர்ப்பமும் இல்லாத 10,000 பெண்களில் ஒரு வருஷத்தில் 1 முதல் 5 பேருக்குச் சிரையில் ரத்தம் உறையும். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களில் 3 முதல் 9 பேர். கர்ப்பிணிகளில் 5 முதல் 20. பிரசவமான சில வாரங்களில் அது 40 முதல் 65 வரை போகும். அதாவது வேண்டாத கர்ப்பம் மாத்திரையைவிட ஆபத்து. எல்லாருக்கும் சேர்த்துப் பார்க்கும்போது மாத்திரை நல்ல மருந்துதான். அந்த 3 முதல் 9 பேரில் ஒருத்தியாக யார் ஆகக்கூடும் என்பதை முன்கூட்டி ஓரளவு கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தோழி அதைக் கேட்பதில்லை. இன்னொன்று, உறையும் ஆபத்து, மாத்திரை ஆரம்பித்த முதல் சில மாதங்களில்தான் அதிகம், ஒரு மாசத்துக்கு மேல் விட்டு மறுபடி ஆரம்பித்தால் அந்த ஆபத்து திரும்ப முதலிலிருந்து வரும். கடன் வாங்கிச் சாப்பிடுகிறவள் எப்போதும் ஆரம்பித்துக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கிறாள்.

நான் கேட்கிற கேள்விகள் அதிகம் இல்லை. கவுண்டரில் பி.பி. மிஷின் வைத்திருக்கிறேன், முதலில் கையை நீட்டச் சொல்வேன். மேலே 140, கீழே 90 தாண்டினால் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை டாக்டர் பார்க்காமல் தொடவே கூடாது. 160, 100 என்றால் அந்தப் பேச்சே இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-ல் வந்த பிறகு வீட்டுக்கே வந்து பி.பி. பார்க்கிறார்கள், ஆனாலும் முப்பது வயசுக்காரி 'எனக்கெதுக்கு' என்று மாமியார் கையைத்தான் முன்னால் நீட்டுகிறாள்.

அப்புறம் தலைவலி. "ஒத்தைத் தலைவலி வருமா?" என்றால் எல்லாரும் வரும் என்பார்கள். "வலிக்கறதுக்கு முன்னால கண்ணுல மின்னல் மாதிரி, கோடுகோடா ஓடுமா? கை மரத்துப்போகுமா?" என்று கேட்க வேண்டும். கம்பெனிக்குப் போகிற ஒரு பிள்ளை, "ஆமாக்கா, ஸ்கிரீன்ல கண்ணாடி உடைஞ்ச மாதிரி தெரியும், அரைமணி நேரம் கழிச்சி வலிக்கும்" என்றாள். ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில் பெண் முகப்பருவுக்குச் சாப்பிடுகிற மாத்திரை நன்றாகக் கேட்கிறது என்று அதில் பாதி அட்டையை வாங்கி வந்திருந்தாள். சினைப்பை நீர்க்கட்டிக்கு, அதாவது பிசிஓடிக்கு டாக்டர் எழுதிய மாத்திரை. சைப்ரோடெரோனும் 35 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜனும் சேர்ந்தது. கருத்தடை மாத்திரை என்று அந்த இரண்டு பேருக்குமே தெரியாது, 'ஸ்கின் டேப்லெட்' என்றுதான் பேர். மின்னல் ஓடுகிற ஒத்தைத் தலைவலிக்காரிக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் பக்கவாதத்துக்கு வழி. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் இது 'கூடவே கூடாது' என்கிற நாலாம் வகையில் இருக்கிறது. மாலா-என்னைவிட இந்த வகைக்கு ரத்தம் உறையும் ஆபத்தும் கூடுதல். கொடுத்தவளுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள், பரு போயிருக்கும். தனக்குச் சேர்ந்ததைத்தானே தோழிக்குக் கொடுத்தாள்.

இந்தப் பிசிஓடி மாத்திரையில் இன்னொரு கூத்து. பெண்ணுக்கு டாக்டர் எழுதிய மாத்திரையை அம்மா கூகுளில் தேடிப் பார்த்துவிட்டு, "கல்யாணமாகாத பொண்ணுக்கு இன்னாத்துக்கு இந்த மாத்திரை?" என்று என்னிடம் சண்டைக்கு வருவார். விளக்கிச் சொன்னாலும் பாதிப் பேர் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தின அட்டைகள் வீட்டு அலமாரியில் கிடக்கும். அங்கிருந்துதான் சித்தி மகளுக்கும் பெரியம்மா மகளுக்கும் போகும்.

கேட்க மிகவும் கூச்சமான கேள்வி டி.பி. பற்றியது. ஆறு மாசம் சாப்பிடுகிற டி.பி. மருந்தில் ரிபாம்பிசின் இருக்கிறது. அது ஈரலை முடுக்கிவிட்டு, கருத்தடை ஹார்மோனை வேலை செய்யுமுன் கரைத்து வெளியே தள்ளிவிடும். மருந்தை நிறுத்திய பிறகும் நாலு வாரம் வரை அப்படித்தான். வலிப்புக்குக் கொடுக்கிற பெனிடாயின், கார்பமசிபினும் இதே வகை. தறி வீட்டுப் பெண்ணிடம் "உனக்கு டி.பி. இருக்கா?" என்று நாலு பேர் நிற்கும்போது கேட்டால் மறுபடி கடைப் பக்கம் வரமாட்டாள். அதனால் நான், "மூத்திரம் ஆரஞ்சு கலர்ல போற மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறியா?" என்று கேட்பேன். சாப்பிடுகிறவளுக்குப் புரியும், பக்கத்தில் நிற்கிறவருக்குப் புரியாது. அப்படி ஒருத்தி தலையாட்டியிருக்கிறாள். இரண்டு மாசமாகச் சிநேகிதியின் அட்டையிலிருந்து தவறாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அரசாங்கம் கொடுக்கிற டி.பி. மருந்தைப் பற்றிப் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை, அப்புறம் தோழிக்கு எப்படிச் சொல்வாள்? ஆணுறைப் பெட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, கருப்பையில் வைக்கிற காப்பர்-டி பற்றிச் சொல்லி அனுப்பினேன்.

சட்டம் இந்த விஷயத்தில் கொஞ்சம் குழப்பமானது. எத்தினைல் ஈஸ்ட்ரடயால் சீட்டு வேண்டிய மருந்துகளின் அட்டவணையில் இருக்கிறது. அதே விதிகளின் இன்னொரு அட்டவணை, மாலா வகை உட்படக் குறிப்பிட்ட சில கருத்தடை மாத்திரைகளுக்குச் சீட்டு தேவையில்லை என்று விலக்குக் கொடுக்கிறது. அந்த விலக்கு எனக்குச் சரியென்றே படுகிறது. சீட்டு கட்டாயம் என்றால் டாக்டருக்கு முந்நூறு ரூபாய் கொடுக்க முடியாதவள் கடன்தான் வாங்குவாள். சீட்டு இல்லாமல் வாங்கினாலும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும், கையை நீட்டி பி.பி. பார்க்கத்தான் வேண்டும்.

அவசரக் கருத்தடை மாத்திரைக்கு நம் ஊரில் வேறு தொல்லை. தமிழ்நாட்டில் நிறையக் கடைகளில் அதை வைப்பதே இல்லை. கேட்டால் 'சப்ளை இல்லை' என்பார்கள், பார்வை வேறு மாதிரி இருக்கும். அதனால் நகரிக்குப் போய் வாங்கி வந்த ஒருத்தி, பெங்களூரிலிருந்து கொண்டுவந்த ஒருத்தி என்று அது எப்போதும் யாராவது ஒருத்தியின் கைப்பையில் 'இருப்பு' இருக்கும். லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை, ஈஸ்ட்ரோஜன் கிடையாது, ரத்தம் உறைகிற பயமும் பெரிதாக இல்லை. இதில் கடன் வாங்குவதன் ஆபத்து நேரம்தான். 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், சீக்கிரம் போடப்போட நல்லது. சிநேகிதி திங்கட்கிழமைதான் ஊரிலிருந்து வருவாள் என்று காத்திருந்தால் மணி ஓடிவிடும். கரு நின்ற பிறகு இது ஒன்றும் செய்யாது. அப்போது 'கலைக்கிற மாத்திரை' யாரிடமாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடுகிறார்கள். அதைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொல்வேன்: கரு குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரையால் கலையாது, குழாய் வெடிக்கலாம், அதனால் அரசு மருத்துவமனைக்குப் போ, 1971-லிருந்து இதற்குச் சட்டம் இருக்கிறது, உன் பேரை வெளியே சொல்லக் கூடாது என்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது.

ஒருநாள் ஒரு தறி வீட்டு மருமகள் பால் டின் கேட்டு வந்தாள். குழந்தைக்கு நாலு மாசம். "பால் பத்தலக்கா, திடீர்னு கொறஞ்சிடுச்சி" என்றாள். டின்னை எடுப்பதற்கு முன்னால் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன், புதுசாக ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா என்று. கூட வந்த மூத்த ஓர்ப்படியைப் பார்த்தாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "என்னோடதுல ஒரு வரிசை மாசாமாசம் குடுக்கறேன். அவளுக்கு ஏற்கெனவே ஆபரேஷன் பிரசவம், உடனே நின்னுடக் கூடாதுன்னுதான்" என்றார். அவருக்கு மாலா-என், நர்சம்மா கொடுத்தது, இரண்டு வருஷமாக நன்றாகச் சேர்ந்திருந்தது. பால் கொடுக்கிற தாய்க்கு ஆறு மாசம் வரை ஈஸ்ட்ரோஜன் மாத்திரை உகந்ததில்லை, பாலும் குறையலாம் என்று சொன்னபோது அவர் முகம் சுண்டிப்போயிற்று. "நான் நல்லதுக்குத்தாம்மா குடுத்தேன்" என்று மூன்று தடவை சொன்னார்.

சின்னவள் கையை நீட்டச் சொன்னேன். 150, 100. கர்ப்பத்தில் ஏறின பி.பி. இறங்கவே இல்லை, பிரசவத்துக்குப் பிறகு யாரும் பார்க்கவுமில்லை. கெண்டைக்கால் வீக்கம், வலி, மூச்சு வாங்கல் எதுவும் இல்லை என்று கேட்டுக்கொண்டேன். இருந்திருந்தால் அப்போதே 108-ஐக் கூப்பிட்டிருப்பேன். மாத்திரையை அன்றோடு நிறுத்தச் சொல்லிக் கிராம சுகாதாரச் செவிலியருக்கு போன் போட்டுக் கொடுத்தேன். அந்த வாரத்திலேயே திருத்தணி அரசு மருத்துவமனையில் பி.பி.க்குப் பால் கொடுக்கிறவர்களுக்கு ஏற்ற மாத்திரை எழுதினார்கள். கர்ப்பம் இல்லை என்று பார்த்துக்கொண்டு காப்பர்-டியும் போட்டார்கள். அதில் ஹார்மோன் கிடையாது, பாலுக்கும் பி.பி.க்கும் ஒன்றும் செய்யாது. துணைக்குப் போனது மூத்தவர்தான், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு. பால் மறுபடி ஊறப் பத்துப் பதினைந்து நாள் ஆயிற்று, அதுவரை டின் வாங்கினார்கள்.

மூத்தவருக்கு அந்த மாசம் நாள் தள்ளிவிட்டது. கார்டு சோதனையில் ஒரு கோடுதான். ஒரு வாரம் விட்டு மறுபடி பார்த்தோம், அப்போதும் ஒரு கோடு. அப்புறம் வந்துவிட்டது. "இப்ப நான் எங்கேர்ந்து ஆரம்பிக்கறது, நறுக்கின எடத்துலேர்ந்தா?" என்று பழைய அட்டையோடு வந்தார். அதை வாங்கி வைத்துக்கொண்டு காலண்டரைக் காட்டினேன். மாசம் வந்த அஞ்சாம் நாளிலிருந்து புது அட்டை, முதல் வெள்ளை மாத்திரை, தினம் ராத்திரி சாப்பாடு முடிந்ததும். ஒன்று விட்டுப்போனால் ஞாபகம் வந்த உடனே. இரண்டு விட்டுப்போனால் கடைசியாக விட்டதை உடனே போட்டுவிட்டு, மற்றதைத் தினமும் தொடர்ந்து, ஏழு வெள்ளை மாத்திரை உள்ளே போகும் வரைக்கும் ஆணுறை. அவர் புது அட்டையைத் திருப்பிப் பார்த்து, முதல் குமிழுக்கு மேல் பேனாவால் 'வியாழன்' என்று எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.